தண்ணி சேரலை, டாக்டரம்மா

குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டால் என் கிளினிக்கில் திங்கட்கிழமை காலை நிற்க இடம் இருக்காது. கார்த்திகை பிறந்து ஐயப்ப சீசன் வந்தால் மறுபடியும் அதே கூட்டம். செங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு குழந்தை வைத்தியம் பார்ப்பவளுக்கு வருஷத்தில் இரண்டு சீசன் என்று என் கம்பவுண்டர் கேலி செய்வார். வருகிற குழந்தைகளில் பாதிப் பேர் ஒன்றரையிலிருந்து மூன்று வயதுக்குள். வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், இல்லையென்றால் ராத்திரி முழுக்க காரணம் தெரியாத அழுகை. கேட்டால் எல்லோரும் சொல்லிவைத்ததுபோல ஒரே வரிதான் சொல்வார்கள்: "கேரளா போயிட்டு வந்தோம், தண்ணி சேரலை டாக்டரம்மா."

பாவம் அந்தத் தண்ணி.

தண்ணீரால் வருவதே இல்லை என்று சொல்லவில்லை, வருவதும் உண்டு. ஆனால் பயணத்தை முதலிலிருந்து சொல்லச் சொன்னால் பாதிக் கதை முடிவதற்குள் எனக்கு விஷயம் தெரிந்துவிடும். போன ஆடியில் வந்த ஒரு குடும்பத்தின் கதையைக் கேளுங்கள். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து விடியற்காலை நாலு மணிக்கு வேன். தூங்குகிற பையனை எழுப்பிப் பால் புகட்டி ஏற்றியிருக்கிறார்கள். ஏழு மணிக்கு ஐந்தருவியில் குளியல், மத்தியானம் பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும், அவனுக்கும் சால்னாவில் ஊறவைத்து நாலு வாய். அப்புறம் புளியரை எஸ் வளைவு ஏறி ஆரியங்காவு, பாலருவி, தென்மலை எல்லாம் பார்த்துவிட்டு ராத்திரி பதினோரு மணிக்குத் திரும்பியிருக்கிறார்கள். ஒன்றரை வயதுப் பையன், பகலில் தூங்கியது மொத்தம் நாற்பது நிமிஷம், அதுவும் வேன் ஆட்டத்தில். பெரியவர்களே மறுநாள் லீவு போட்டுப் படுத்துவிட்டார்கள், பையனுக்கு மட்டும் தண்ணி சேரவில்லையாம்.

மலையேறும்போது வரும் வாந்தியை முதலில் பார்ப்போம். காது உள்ளே இருக்கிற சமநிலை உறுப்பு 'ஓடுகிறோம்' என்கிறது, கண் முன் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு 'உட்கார்ந்திருக்கிறோம்' என்கிறது. இந்த இரண்டுக்கும் ஒத்துவராததால்தான் குமட்டல். அதனால்தான் வளைவில் குழந்தை கையில் போனைக் கொடுக்காதீர்கள் என்று தொண்டை வறளச் சொல்கிறேன். ஆனால் இந்தப் பயண வாந்தி இரண்டு வயதுக்குக் கீழே அபூர்வம், அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். ஒன்றரை வயதுக் குழந்தை மலைப்பாதையில் கக்குகிறது என்றால் வளைவைவிட வயிற்றில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் புத்தி. பெரியவர்கள் போட்டுக்கொள்கிற வாந்தி மாத்திரையில் கால் துண்டு உடைத்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் சில மருந்துகள் குழந்தையை மயங்க வைக்கும், மூச்சையே மந்தமாக்கும். புரோமெத்தசின் சேர்ந்ததை இரண்டு வயதுக்குள் கொடுக்கவே கூடாது. கால் துண்டு, அரைக்கால் துண்டு என்ற கணக்கெல்லாம் வேண்டாம்.

பெரிய இவளாட்டம் சொல்கிறேனே தவிர என் வீட்டிலும் நடந்தது. மகளுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது, கொல்லத்துக்கு ரயிலில் போனோம். செங்கோட்டையிலிருந்து புனலூர் வரைக்கும் நாற்பத்தொன்பது கிலோமீட்டர்தான், ஆனால் மலை என்பதால் ரயில் ஊர்ந்துதான் போகும். குழந்தை சிணுங்கியது, தூங்கட்டும் என்று ஒரு பாட்டில் பாலை முழுசாகக் கொடுத்தேன். தூங்கவில்லை. கழுதுருட்டிப் பக்கம் பதிமூன்று கண் பாலம் வந்ததும் அவள் அப்பா அவளைத் தூக்கி ஜன்னலில் நிறுத்தி, குலுக்கிக் குலுக்கிக் காட்டினார். குடித்த அவ்வளவு பாலும் எதிரில் இருந்த பெரியவரின் வெள்ளை முண்டில். அவர் "சாரமில்ல மோளே" என்று சிரித்துக்கொண்டே துடைத்தார். எனக்குத்தான் 'நான் குழந்தை டாக்டர்' என்று சொல்ல வாய் வரவில்லை. அன்றிலிருந்து மலையேற ஒரு மணி நேரம் முன்பே பாலை நிறுத்திவிடுவேன். இட்லி, சாதம் என்று ஏதாவது கொஞ்சமாக, காலி வயிறும் இல்லாமல் முட்ட முட்டவும் இல்லாமல்.

வாந்தி வந்துவிட்டது, இனி என்ன செய்வது? பெரும்பாலானோர் இங்கேதான் சறுக்குகிறார்கள். குழந்தை கக்கியதும் 'வயிறு காலியா இருக்கே' என்று பதறி உடனே ஒரு டம்ளர் தண்ணீரோ பாலோ கொடுப்பார்கள். அதுவும் வெளியே வரும். பத்து நிமிஷம் சும்மா விடுங்கள். அப்புறம் ஓஆர்எஸ், அதாவது உப்பும் குளுக்கோஸும் சேர்ந்த பொடியைக் கரைத்த தண்ணீர், அதில் ஒரு தேக்கரண்டி. வாட்சைப் பாருங்கள், இரண்டு நிமிஷம் கழித்து இன்னொன்று. சொல்ல எளிது, செய்யப் பொறுமை வேண்டும். ஒரு மணி நேரம் விடாமல் கொடுத்தால் முப்பது கரண்டி, நூற்றைம்பது மில்லி உள்ளே போயிருக்கும். அதே நூற்றைம்பதை டம்ளரில் கொடுத்திருந்தால் உங்கள் சேலையில் இருந்திருக்கும். வயிற்றுப்போக்கும் இருந்தால் ஒவ்வொரு தடவை போனதற்கும் ஐம்பதிலிருந்து நூறு மில்லி, இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு நூறிலிருந்து இருநூறு. தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு அதை நிறுத்தவே வேண்டாம்.

கரைப்பதிலும் கோளாறு நடக்கிறது. பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கானது. அதில் பாதியைக் குத்துமதிப்பாகக் குழந்தையின் சின்ன பாட்டிலில் கொட்டிக் குலுக்குகிறார்கள். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து, வயிற்றுப்போக்கு நிற்பதற்குப் பதில் இன்னும் கெடும். கடையில் விற்கிற ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலையே வாங்குங்கள், மொத்த பாக்கெட்டையும் அதில் கரையுங்கள், அளவுச் சண்டையே இல்லை. இருபத்துநாலு மணி நேரம் கழிந்தால் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

இன்னொன்று, அட்டை டப்பாவில் ஸ்ட்ராவோடு ஆரஞ்சு, ஆப்பிள் என்று விற்கிற பானங்கள். ஓஆர்எஸ் என்ற எழுத்தைப் பெயரிலேயே ஒட்டிவைத்து விற்றார்கள், நம் ஆட்களும் வாங்கிக் கொடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். இந்த டப்பாக்களில் சர்க்கரை அதைப்போலப் பல மடங்கு. அது குடலுக்குள் தண்ணீரை இழுத்து வயிற்றுப்போக்கை அதிகமாக்கும். ஹைதராபாத்தில் ஒரு குழந்தை மருத்துவர் வருஷக்கணக்காகப் போராடி, கடைசியில் 2025 அக்டோபரில்தான் அந்தக் கணக்குக்கு ஒத்துவராத எதற்கும் அந்தப் பெயரை வைக்கக் கூடாதென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. ஆனாலும் கடையில் கேட்கும்போது 'பொடி பாக்கெட்' என்று கேட்டு வாங்குங்கள். அந்தப் பொடி ஒன்றும் லேசுப்பட்டதல்ல. 1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்துப் பொங்காவ் அகதி முகாமில் காலரா தாக்கி, ஏற்றுவதற்கு சலைன் தீர்ந்துபோய், டாக்டர் திலீப் மகலநபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்த தண்ணீரை டிரம்மில் வைத்துக் குடிக்கக் கொடுத்தே ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றினார். பொங்காவும் நம்மைப்போல ஓர் எல்லை ஊர்தான்.

இதையெல்லாம் விட்டுவிட்டு ஊர் திரும்பியதும் முதல் வேலையாகத் தொக்கம் எடுக்க, அதாவது உள்ளே சிக்கிய சாப்பாட்டை எடுக்கிறேன் என்று செய்கிற நாட்டு வைத்தியத்துக்கு, தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களும் உண்டு. என் கோபமெல்லாம் எடுக்கிறவர் மேல்கூட இல்லை, அதற்காக வீணாகும் அந்த ஒரு பகல் மேல்தான். நீர் வற்றிய குழந்தைக்கு ஒரு பகல் ரொம்பப் பெரிது.

காய்ச்சல் மருந்துக்கு வருகிறேன். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125 மில்லிகிராம். அதை மறந்து வைத்துவிட்டுப் போய், வழியில் மருந்துக் கடையில் கேட்டால் சில நேரம் சொட்டு மருந்து கொடுப்பார்கள். அதில் ஒரே மில்லியில் 100 மில்லிகிராம். அம்மாவுக்கு மனதில் இருப்பது 'அஞ்சு மில்லி'. ஐந்து மில்லி சொட்டு மருந்து என்றால் 500 மில்லிகிராம், வழக்கமாகக் கொடுப்பதில் நாலு மடங்கு. போன வருஷம் ஒரு குழந்தைக்கு இப்படியே நடந்தது. ஒரே ஒரு வேளையோடு பாட்டி பாட்டிலைத் திருப்பிப் படித்து நிறுத்தினார், தப்பித்தது. நாலைந்து வேளை தொடர்ந்திருந்தால் ஈரலில் போய் முடிந்திருக்கும். பத்துக் கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு அதிகபட்சம் 150 மில்லிகிராம். ஐந்து மில்லிக்கு 125 மில்லிகிராம் சிரப்பில் ஆறு மில்லி, ஐந்து மில்லிக்கு 250 மில்லிகிராம் என்று வருகிற சிரப்பில் மூன்று மில்லி, சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. மூன்றும் ஒரே மருந்து, அளவுதான் வேறு. ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நாலு வேளைக்கு மேல் வேண்டாம். உங்கள் குழந்தையின் எடைக்கு எவ்வளவு என்று கிளம்புவதற்கு முன் உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள், கூச்சப்படாதீர்கள்.

தண்ணீர் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் அதற்கு வக்கீல் என்று நினைப்பீர்கள். கேரள ஓட்டல்களில் பதிமுகம் என்கிற மரச்சீவலைப் போட்டு இளஞ்சிவப்பாக வெந்நீர் வைப்பார்கள், நல்ல பழக்கம். ஆனால் சூடாக இருக்கிறதென்று அதில் பாதிக்குப் பச்சைத் தண்ணீரைக் கலந்து குழந்தைக்குக் கொடுத்தால் கொதிக்க வைத்ததற்கே அர்த்தமில்லை. ஆறட்டும், காத்திருங்கள். குளத்தில் முங்க வைப்பதும் வேண்டாம். 2024, 2025 இரண்டு வருஷமும் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சலைப் பற்றிப் படித்திருப்பீர்கள். குடித்தால் வருவதில்லை அது, பெரும்பாலும் தேங்கிய தண்ணீர் மூக்குக்குள் ஏறித்தான் வரும். அருவி ஓடுகிற தண்ணீர் என்றாலும் கைக்குழந்தையை அடியில் பிடிக்காதீர்கள். மூச்சு முட்டுவதைப் பார்த்துக் குளிருகிறது என்று சிரிக்கிறார்கள், எனக்கு வீடியோ வேறு காட்டுகிறார்கள்.

நேந்திரங்காய் சிப்ஸ் வாங்காமல் யாரும் மலை இறங்குவதில்லை. நிலக்கடலையும் சிப்ஸும் ஓடுகிற வண்டியில் நாலு வயதுக்குள் இருக்கிற குழந்தை கைக்கு வரவே கூடாது. மூன்று வாரமாக இருமல் என்று ஒரு பெண் குழந்தையை அழைத்து வந்தார்கள், ஒரு பக்கம் மூச்சுச் சத்தமே குறைவாக இருந்தது. 'ஏதாவது சாப்பிடும்போது புரையேறியதா' என்று திரும்பத் திரும்பக் கேட்டபிறகு சித்திக்கு நினைவு வந்தது: தென்மலையில், கடலை மிட்டாய். திருவனந்தபுரத்துக்கு அனுப்பி, மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பாதிக் கடலையை எடுத்தார்கள்.

கார் விஷயத்தில் மட்டும் என்னிடம் யாரும் சமாதானம் பேச முடியாது. முன் சீட்டில் மடியில் குழந்தை, அம்மாவுக்கு மட்டும் பெல்ட். இல்லையென்றால் இருவரையும் சேர்த்து ஒரே பெல்ட். இரண்டாவது இன்னும் மோசம், பிரேக் அடித்தால் அம்மாவின் மொத்த எடையும் குழந்தைமேல் இறங்கும். பதினாலு வயதுக்குள் இருக்கிற குழந்தைக்குப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லையென்றால் 2019 சட்டத்திருத்தப்படி ஆயிரம் ரூபாய் அபராதம். நம் பக்கம் யாரும் நிறுத்திக் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். இருக்கை விலை அதிகம்தான், தெரியும். அக்கா தங்கை வீட்டில் வளர்ந்த பிள்ளையுடையதை வாங்கிப் பயன்படுத்தலாம், விபத்தில் சிக்காததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பைக்கில் போகிறவர்களுக்கு: ஒன்பது மாதத்திலிருந்து நாலு வயது வரை ஹெல்மெட்டும் உங்களோடு சேர்த்துக் கட்டும் பட்டையும் வேண்டும், நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைப்பது எந்தக் கணக்கிலும் வராது.

எப்போது ஊர் திரும்பும்வரை காத்திருக்கக் கூடாது? ஆறு மணி நேரமாக ஒண்ணுக்குப் போகவில்லை, கண் குழி விழுந்திருக்கிறது, எழுப்பினால் சரியாக விழிக்கவில்லை, வாந்தி பச்சையாக வருகிறது, மலத்தில் ரத்தம், வலிப்பு. இதில் ஒன்று இருந்தாலும் வண்டியை அருகில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குத் திருப்புங்கள், புனலூரோ தென்காசியோ எது பக்கமோ அது. போகும்போது ஒரு துண்டுச் சீட்டில் எடை, கொடுத்த மருந்து, கொடுத்த நேரம், எத்தனை தடவை போனது என்று எழுதிக் கையில் வையுங்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. கிழக்கே இருந்து வருகிறவர்களுக்குத்தான் இந்தச் சீட்டு அவசியம். மேலே சொன்ன கோவில்பட்டிப் பையனை என்னிடம் கொண்டுவருவதற்கு முன்பே, அன்று சாயங்காலம் மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறார்கள். அங்கிருந்த டாக்டர் "பனி உண்டோ?" என்று கேட்டிருக்கிறார். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். ஆச்சி யோசித்துவிட்டு, "பனியெல்லாம் ஒண்ணும் இல்லய்யா, நல்ல வெயிலுதான்" என்று சொல்லியிருக்கிறார். அவரும் சீட்டில் காய்ச்சல் இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டார். என்னிடம் வரும்போது பையனுக்கு நூற்றிரண்டு.