ஆக்ஸிமீட்டர் 98 காட்டினால் போதுமா?

கொரோனா காலத்தில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் பல வீடுகளுக்குள் வந்துவிட்டது. அதன் வாயைத் திறந்து பாருங்கள். ஒரு பக்கம் பொடி விளக்குகள் இரண்டு, எதிர்ப்பக்கம் ஒளியை வாங்கும் உணரி ஒன்று, அவ்வளவுதான். ஆக்ஸிஜனை நேரடியாக அளக்கிற எதுவும் அதற்குள் கிடையாது. இரத்தத்தின் நிறத்தை வைத்து ஆக்ஸிஜனைக் கணக்குப் போடுகிறது.

விளக்குகளில் ஒன்று 660 நானோமீட்டர் சிவப்பு. மற்றது கண்ணுக்குத் தெரியாத 940 நானோமீட்டர் அகச்சிவப்பு. இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கிற பொருள் ஹீமோகுளோபின். ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் விட்டுவிடும், ஆக்ஸிஜன் இல்லாதது நன்றாக உறிஞ்சும். அகச்சிவப்பில் நிலைமை தலைகீழ். தோல், எலும்பு, நகம் எல்லாமும்தான் ஒளியைத் தடுக்கின்றன, ஆனால் நாடித்துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்குவது தமனி இரத்தம் மட்டுமே என்பதால் அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும் என்று 1970களில் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி கண்டுபிடித்தார். அருமையான யோசனை. இரண்டு ஒளிகளின் விகிதத்தைக் கருவி, ஆரோக்கியமானவர்களிடம் அளந்து வைத்த அட்டவணையோடு ஒப்பிட்டு, ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்ஸிஜன் ஏறியிருக்கிறது என்று ஓர் எண்ணைக் காட்டும்.

சிக்கல் அங்கேதான். இரத்தத்தில் இருப்பது இந்த இரண்டு வகை ஹீமோகுளோபின் மட்டுமே என்று அந்த அட்டவணை நம்புகிறது.

பூட்டிய அறைக்குள் கரி எரிந்தால் சேரும் கார்பன் மோனாக்சைடு வாயு, ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடிபட்ட ஹீமோகுளோபினும் நல்ல சிவப்புதான், 660 நானோமீட்டரில் ஆக்ஸிஜன் ஏறியதைப் போலவே தெரியும். மூச்சுக்குத் தவிக்கும் உடம்புக்குக் கருவி 98 என்று சான்றிதழ் கொடுத்துவிடும்.

மெத்தமோகுளோபின் கதை இன்னும் விசித்திரம். தொழுநோய்க்குத் தரும் டாப்சோன் மாத்திரை, மரத்துப்போகச் செய்யும் பென்சோகெய்ன், நைட்ரேட் மிகுந்த கிணற்றுத் தண்ணீரில் கலந்த குழந்தைப் பால், இவையெல்லாம் ஹீமோகுளோபினின் இரும்பை ஆக்ஸிஜனேற்றம் (oxidation) செய்து, அதை மெத்தமோகுளோபினாக மாற்றிவிடக்கூடியவை. அந்த இரும்பால் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாது. இரத்தத்தை எடுத்து வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டால் சாக்லேட் நிறத்தில் இருக்கும், காற்று பட்டாலும் சிவக்காது. மெத்தமோகுளோபின் இரண்டு ஒளிகளையும் ஏறக்குறைய சமமாக உறிஞ்சுகிறது, விகிதம் 1-ஐ நெருங்குகிறது, அட்டவணையில் 1-க்கு நேரே இருக்கிற எண் 85. அதனால் மெத்தமோகுளோபின் அதிகமாகிவிட்டால், எவ்வளவு ஆக்ஸிஜன் கொடுத்தாலும் திரை 85 பக்கத்திலேயே நிற்கும், உண்மை நிலவரம் அதைவிட மோசமாக இருந்தாலும்கூட. சரி, மருந்து கொடுக்கலாம் என்று மெத்திலீன் ப்ளூ ஊசி போட்டால், அந்த நீலச் சாயமே சிவப்பு ஒளியை விழுங்கி, நோயாளி தேறிக்கொண்டிருக்கும்போதே எண்ணைச் சில நிமிடங்களுக்குச் சரிய வைக்கும்!

இதையெல்லாம் பிரித்துச் சொல்ல, எடுத்த இரத்தத்தில் பல அலைநீளங்களைச் செலுத்திப் பார்க்கும் கோ-ஆக்ஸிமீட்டர் வேண்டும். மருத்துவர் சந்தேகப்பட்டால்தான் அந்தச் சோதனையை எழுதுவார்.

ஊட்டி, கொடைக்கானல் குளிருக்குப் பூட்டிய அறைக்குள் கரி மூட்டிவிட்டுத் தூங்கி, தலைவலியும் குமட்டலுமாக எழுந்தால், விரலில் 98 தெரிகிறதே என்று அங்கேயே உட்கார்ந்திருக்காதீர்கள். எல்லாரையும் கூட்டிக்கொண்டு உடனே வெளிக்காற்றுக்கு வாருங்கள், அப்புறம் மருத்துவமனையில் முதல் வார்த்தையாகக் கரிப்புகையைப் பற்றிச் சொல்லுங்கள்.