இயற்கணிதம் தடுக்குவது சமக்குறியில்

8 + 4 = ☐ + 5. இந்தக் கட்டத்துக்குள் என்ன எண் வரும் என்று ஐந்தாவதோ ஆறாவதோ படிக்கிற பிள்ளை யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். விடை 7. ஆனால் உங்களுக்குக் கிடைக்கும் பதில் 12 ஆகவோ 17 ஆகவோ இருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் 1999இல் வெளியான ஓர் ஆய்வில் ஆறாம் வகுப்பு மாணவர்கள் 145 பேரிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அத்தனை பேரும் 12 அல்லது 17 என்றுதான் சொன்னார்கள், ஒருவர்கூட 7 சொல்லவில்லை.

அவர்களுக்கெல்லாம் கூட்டல் நன்றாகத் தெரியும். முதல் வகுப்பிலிருந்து அவர்கள் போட்ட கணக்குகளில் கேள்வி இடப்பக்கம் இருக்கும், நடுவில் சமக்குறி, அதற்கு அப்புறம் விடை. ஆயிரக்கணக்கான தடவை இப்படியே போட்டபின் சமக்குறி ‘இப்போது விடையை எழுது’ என்கிற கட்டளையாக மனதில் பதிந்துவிடுகிறது. 8 + 4 என்று பார்த்ததும் 12 எழுதுகிறவர்கள் அந்தக் கட்டளைக்குப் பணிகிறார்கள், 17 எழுதுகிறவர்கள் கண்ணில் படும் எல்லா எண்களையும் கூட்டிவிடுகிறார்கள். 5 + 3 = 8 × 2 = 16 என்று நோட்டில் சங்கிலி போல எழுதும் பழக்கமும் இங்கிருந்து வருவதுதான். விடை சரியாக வந்துவிடுவதால் அதை யாரும் கண்டுகொள்வதில்லை, ஆனால் 5 + 3 எப்படி 16க்குச் சமமாகும்?

இந்தக் குறியை 1557இல் முதன்முதலாக அச்சில் போட்டவர் வேல்ஸ் நாட்டு மருத்துவர் ராபர்ட் ரெக்கார்டு. ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிட ஒன்றுக்கொன்று சமமானவை வேறில்லை என்பது அவர் சொன்ன காரணம். இரண்டு பக்கமும் ஒரே மதிப்பு, அவ்வளவுதான் அதன் பொருள். எண்கணிதத்தில் இதைத் தவறாகப் புரிந்துகொண்டாலும் வண்டி ஓடிவிடும். எழுத்துகள் உள்ளே வந்து, சமக்குறியின் இரண்டு பக்கமும் எண்ணும் எழுத்தும் சேர்ந்த கோவைகள் உட்காரத் தொடங்கியதும் ஓடாது. அதனால் இயற்கணிதம் தொடங்கும் பிள்ளைக்கு முதல் இலக்கு சமன்பாட்டைத் தீர்ப்பதாக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. முதலில் அதைப் படிக்கத் தெரிய வேண்டும்.

அதற்கான பயிற்சி எளிது, எந்த வகுப்பிலும் செய்யலாம். 9 = 4 + 5 சரியா தவறா? 7 = 7 சரியா? (இதைத் தவறு என்று சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள், ‘கணக்கே இல்லையே’ என்பார்கள்.) 37 + 58 = 38 + 57 சரியா, கூட்டிப் பார்க்காமல் சொல்ல முடியுமா? இந்தக் கடைசிக் கேள்விதான் அருமையானது. ஒரு பக்கம் 37 ஒன்று கூடியிருக்கிறது, 58 ஒன்று குறைந்திருக்கிறது, அப்படியானால் மொத்தம் மாறாது என்று ஒரு பிள்ளை சொன்னால், எழுத்து எதுவும் இல்லாமலே அது இயற்கணிதம் போட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்த தடுமாற்றம் எழுத்தில். பள்ளியில் எக்ஸ், ஒய் என்று எழுதுவதை இங்கே க, ப என்று எழுதுகிறேன், எழுத்து எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் தெரியாத எண்களுக்கு யா, கா, நீ என்று எழுத்துகளை வைத்திருக்கிறார். 3க + 2ப என்பதை ஏன் 5கப என்று சேர்க்கக் கூடாது என்று கேட்டால், ‘மூன்று கத்தரிக்காயும் இரண்டு பரங்கிக்காயும், எப்படிச் சேர்ப்பாய்?’ என்று விளக்குவது வழக்கம். அந்த நேரத்துக்கு வேலை செய்யும், ஆனால் எழுத்து ஒரு பொருளின் சுருக்கப் பெயர் என்கிற எண்ணத்தைப் பிள்ளையிடம் விட்டுவிட்டுப் போகும். எழுத்து நிற்பது எண்ணுக்காக. ஒரு பென்சில் க ரூபாய் என்றால், 3க என்பது மூன்று பென்சில்களின் விலை.

இந்தக் குழப்பம் எவ்வளவு தூரம் கூடவே வரும் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற கேள்வி உண்டு. ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல ஆறு மடங்கு மாணவர்கள். மாணவர் எண்ணிக்கை ம, பேராசிரியர் எண்ணிக்கை ப. சமன்பாடு எழுதுங்கள். 1980ஐ ஒட்டி அமெரிக்காவில் பொறியியல் முதலாண்டு மாணவர்களிடம் கேட்டபோது 37 சதவீதம் பேர் தவறாக எழுதினார்கள், அதிலும் பெரும்பாலோர் எழுதியது 6ம = ப. ‘ஆறு மாணவருக்கு ஒரு பேராசிரியர்’ என்று வாக்கியம் போலப் படித்துவிட்டார்கள். சரியானது ம = 6ப. பேராசிரியர் 10 பேர் என்று வைத்துப் பார்த்தால் நொடியில் தெரிந்துவிடும்: மாணவர் 60. எழுதிய சமன்பாட்டில் எண்ணைப் போட்டுப் பார்க்கும் பழக்கத்தை முதல் மாதத்திலேயே ஊட்டிவிட வேண்டும்.

எழுத்து எண்ணுக்காக நிற்கிறது என்பதைக் கையால் தொட்டு உணர வைக்கத் தீக்குச்சியை மிஞ்சியது எதுவும் எனக்குத் தெரியவில்லை. குச்சிகளால் சதுரங்களை ஒட்டி ஒட்டி ஒரே வரிசையில் அடுக்குங்கள். ஒரு சதுரத்துக்கு 4 குச்சி, இரண்டுக்கு 7, மூன்றுக்கு 10. ஐம்பது சதுரத்துக்கு எத்தனை? அடுக்கிப் பார்க்கக் குச்சி போதாது, அதனால் யோசித்தே ஆக வேண்டும். ஒரு பிள்ளை ‘முதலில் ஒரு குச்சி வைத்துவிட்டால் ஒவ்வொரு சதுரத்துக்கும் மூன்று போதும்’ என்று 1 + 3க எழுதும். இன்னொன்று மேல்வரிசையில் க, கீழ்வரிசையில் க, நிற்கும் குச்சிகள் க + 1 என்று பிரிக்கும். மூன்றாவது பிள்ளை சதுரத்துக்கு நான்கு என்று 4க எடுத்துக்கொண்டு, நடுவில் இரண்டு தடவை எண்ணிய குச்சிகளைக் கழித்து 4க − (க − 1) என்று எழுதும். மூன்றிலும் க = 50 என்று போட்டால் 151 வருகிறது. ஒரே படத்தை மூன்று விதமாகப் பார்த்த மூன்று கோவைகளும் சுருக்கினால் ஏன் 3க + 1 ஆகின்றன என்று அவர்களையே விவாதிக்க விடுங்கள். அடைப்புக்குறியை விரிப்பதும் ஒத்த உறுப்புகளைச் சேர்ப்பதும் (க உள்ளவை தனியாக, வெறும் எண்கள் தனியாக) எதற்கு என்று அப்போது புரியும், முக்கியமாக அந்த −(க − 1) எப்படி −க + 1 ஆகிறது என்பது.

சமன்பாட்டைத் தீர்ப்பதற்கு இதற்கு அப்புறம் வந்தால் போதும். ‘அந்தப் பக்கம் போனால் பிளஸ் மைனஸாகும்’ என்று தொடங்குவதை மட்டும் தயவுசெய்து தவிருங்கள். 3க = 12 என்பதை க = 12 − 3 = 9 என்று ஒரு பிள்ளை எழுதினால், கேட்ட விதியை அப்படியே பின்பற்றியிருக்கிறது, 3 அந்தப் பக்கம் போனது, குறி மாறியது! உண்மையில் எதுவும் எங்கும் போவதில்லை, இரண்டு பக்கமும் ஒரே செயலைச் செய்கிறோம். 5க − 7 = 2க + 11 இருக்கிறதா, இருபுறமும் 2க கழித்தால் 3க − 7 = 11, இருபுறமும் 7 கூட்டினால் 3க = 18, இருபுறமும் 3ஆல் வகுத்தால் க = 6. திரும்பப் போட்டுப் பார்த்தால் இடப்பக்கம் 30 − 7, வலப்பக்கம் 12 + 11, இரண்டும் 23. தராசு படம் இதற்கு நல்ல தொடக்கம்தான், ஆனால் 2க + 9 = 3 வந்தால் க = −3, தட்டில் வைக்க அப்படி ஒரு எடை கிடையாது. குறை எண்கள் வருவதற்குள் தராசைவிட்டு இறங்கிவிட வேண்டும்.

எத்தனை கணக்கு போட வைப்பது? ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லரும் கிரகாம் கூப்பரும் 1985இல் வெளியிட்ட சோதனைகளில், தீர்த்துக் காட்டிய எடுத்துக்காட்டு ஒன்றைப் படித்துவிட்டு அதே மாதிரி ஒன்றைத் தாமே போட்டவர்கள், எல்லாவற்றையும் தாமே போராடிப் போட்டவர்களைவிட அதே வகைக் கணக்குகளைப் பின்னர் வேகமாகப் போட்டார்கள். விடையைத் தேடி அலைவதிலேயே கவனம் செலவாகிவிட்டால் முறையைக் கவனிக்க மூளையில் இடம் இருப்பதில்லை என்பது அவர்கள் தரும் விளக்கம். ஆக, தொடக்கத்தில் தீர்த்ததும் தீர்க்காததும் மாறி மாறி வரட்டும். நடுநடுவே வேண்டுமென்றே தவறாகத் தீர்த்த ஒன்றையும் கொடுங்கள், 2க + 6 = 10 என்பதை க + 6 = 5 என்று வகுத்தது போல, எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்கச் சொல்லி. கை பழகியபின் எல்லா வகையையும் கலந்து கொடுக்க வேண்டும், ஒரே வகையில் இருபது போட்டால் எந்த முறை என்று யோசிக்கும் வேலையே இல்லாமல் போய்விடும்.

கடைசியாக ஒரு சோதனை. க + 3 = 5, க + 3 = 3 + க, க + 3 = க + 5. பேனாவைத் தொடாமல் மூன்றையும் படித்துப் பார்த்து, எதற்கு ஒரே விடை, எதற்கு எல்லா எண்களும் விடை, எதற்கு விடையே கிடையாது என்று காரணத்தோடு சொல்லச் சொல்லுங்கள். சொல்லிவிட்டால் அடுத்த பாடத்துக்குப் போகலாம். சொல்லவில்லையென்றால் மறுபடியும் 37 + 58 = 38 + 57க்கு வாருங்கள்.