குவார்ட்டர்பேக்: பின்கள வீரர் இல்லை, ஏவுநர்

பிரேடியா, மான்டானாவா, மஹோம்ஸா என்ற சண்டை அமெரிக்காவில் ஓய்வதே இல்லை. அமெரிக்கக் கால்பந்தில் பந்தை முதலில் கையில் வாங்கித் தாக்குதலை நடத்துகிறவர் குவார்ட்டர்பேக். அவர்களில் தலைசிறந்தவர் யார் என்று கேட்டால் அப்பா ஒரு பெயர் சொல்வார், மகன் வேறொரு பெயர் சொல்வான். இப்போது அந்தச் சண்டையைத் தமிழிலும் போடத் தொடங்கியிருக்கிறோம். காணொளிகள் வருகின்றன, கட்டுரைகள் வருகின்றன, மகிழ்ச்சிதான். ஆனால் குவார்ட்டர்பேக்கைத் தமிழாக்குகிறோம் என்று "வரலாற்றின் தலைசிறந்த பின்கள வீரர் டாம் பிரேடி" என்று சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போன வாரம் மறுபடியும் கேட்டேன். இனியும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் சொல் வந்த வழி. ரக்பியில் முன்வரிசையில் முட்டி மோதுகிறவர்களுக்குப் பின்னால் ஒருவர் எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பதைப் பின்னத்தால் குறித்தார்கள்: கால், அரை, முக்கால், முழு. முன்வரிசையை ஒட்டி நின்றவர் குவார்ட்டர்பேக். 1880இல் யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கேம்ப் எடுத்த முயற்சியால் அமெரிக்க விதிகள் மாறின. அணிக்கு 15 பேர் என்பது 11 ஆனது. நடுவில் நிற்பவர் பந்தைப் பின்னால் தள்ளி ஆட்டத்தைத் தொடங்கும் முறை வந்தது. அந்தப் பந்தை முதலில் வாங்குபவரே குவார்ட்டர்பேக் என்று விதியே வரையறுத்தது. வாங்கிய பந்தோடு அவர் முன்னால் ஓடக்கூடாது என்றும் சொன்னது. அதாவது வாங்கி இன்னொருவரிடம் கொடுத்தாக வேண்டும். அதற்காகவே உண்டான இடம் அது. சொற்பிறப்பு இவ்வளவுதான்.

இப்போது 'பின்கள வீரர்' என்பதற்கு வருகிறேன். இந்தச் சொல் தமிழில் ஏற்கெனவே குடியிருக்கும் சொல். ஹாக்கியிலும் நாம் பார்க்கும் கால்பந்திலும் முன்கள வீரர் கோல் போடுவார், நடுக்கள வீரர் பந்தைக் கொண்டுபோவார், பின்கள வீரர் தடுப்பார். தினமும் விளையாட்டுப் பக்கம் படிக்கிறவருக்குப் பின்கள வீரர் என்றால் தற்காப்பு வீரர். அமெரிக்கக் கால்பந்திலோ தாக்க ஒரு பதினொருவர், தடுக்க வேறொரு பதினொருவர். எதிரணி பந்தோடு இறங்கும்போது குவார்ட்டர்பேக் களத்திலேயே இருக்கமாட்டார்; ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். தாக்குதல் முழுவதும் யார் கையிலிருந்து தொடங்குகிறதோ அவரைத் தடுப்பாட்டக்காரர் ஆக்கிவிடுகிறது இந்த மொழிபெயர்ப்பு. இதைப் படிக்கும் ஒருவர், பிரேடி 23 பருவங்களில் 649 டச்டவுன் (பந்தை எதிரணியின் கோல்கோட்டைத் தாண்டிச் சேர்ப்பது) பந்துகளை எறிந்தார் என்ற செய்தியை எங்கே கொண்டுபோய் வைப்பார்? பின்களத்தில் நின்று தடுக்கிறவர் எதற்காகப் பந்து எறிகிறார் என்றுதான் கேட்பார்.

இன்னும் சிலர் சொல்லுக்குச் சொல் விசுவாசமாக இருக்கப் பார்த்து 'கால் பின்வீரர்' என்று எழுதுகிறார்கள். கால் என்பது நாலில் ஒன்று என்பதால் கணக்கு சரி. ஆனால் 'கால்பந்து' என்ற பெயருள்ள ஆட்டத்தில் 'கால்' என்று எழுதினால் எந்தத் தமிழன் பின்னத்தை நினைப்பான்? அவன் பாதத்தைத்தான் நினைப்பான். கையால் எறிவதற்குப் பேர்போன ஒருவரின் பெயர் காலால் உதைக்கிறவர் பெயர்போல ஒலிக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. ஆங்கிலத்திலேயே அந்தப் பின்னம் செத்துப்போய்விட்டது என்பதுதான் பெரிய விஷயம். 'ஷாட்கன்' அமைப்பில் குவார்ட்டர்பேக் ஐந்து கெஜம் பின்னால் போய் நிற்கிறார். 'ஐ' அமைப்பில் 'முழுப் பின்' என்று பெயர் வாங்கியவர் 'அரைப் பின்'னுக்கு முன்னால் நிற்கிறார். கால், அரை, முழு என்ற அளவை இன்று எந்த மைதானத்திலும் அளந்து காட்ட முடியாது. சொன்ன மொழிக்காரர்களே கைவிட்ட அளவை நாம் ஏன் தோளில் சுமக்க வேண்டும்? கிரிக்கெட்டில் 'சில்லி பாயின்ட்'டை யாரும் 'அசட்டு முனை' என்று எழுதியதில்லை. அங்கே இருந்த நிதானம் இங்கே எங்கே போயிற்று?

'அணித்தலைவர்' என்று எழுதுகிறவர்கள் பொருளை நெருங்கி வந்து தவறவிடுகிறார்கள். அமெரிக்கத் தேசியக் கால்பந்து லீகில் ஓர் அணிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கேப்டன்கள் உண்டு, தடுப்பு அணியிலும் உண்டு. குவார்ட்டர்பேக் பெரும்பாலும் கேப்டனாகவும் இருப்பார், அவ்வளவுதான். 2001 செப்டம்பரில் நியூ இங்கிலாந்தின் ட்ரூ பிளெட்சோ அடிபட்டு வெளியேறியபோது உள்ளே வந்தவர், முந்தைய ஆண்டு 199ஆவது ஆளாகத் தேர்வு செய்யப்பட்டிருந்த ஒரு மாற்று வீரர். அந்த நொடியில் அவர் குவார்ட்டர்பேக், அணித்தலைவர் இல்லை. அவர்தான் டாம் பிரேடி. பதவியும் பணியும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். 'தளபதி' என்ற யோசனையும் காதில் விழுந்தது. தமிழ்நாட்டில் அந்தச் சொல்லைத் திரையும் அரசியலும் எடுத்துக்கொண்டுவிட்டன, இனி அது ஆட்டக்களத்துக்குத் திரும்பி வராது.

மேலே சொன்னவற்றை மறுப்பது சுலபம். எனக்கு உண்மையான போட்டி 'எறிநர்'. சின்னச் சொல், நல்ல தமிழ், பார்த்ததும் புரிகிறது. சிலர் 'பந்தெறியாளர்' என்றும் எழுதுகிறார்கள். இதை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், யார் தலைசிறந்தவர் என்ற விவாதத்துக்கே இந்தச் சொல் தீர்ப்பு எழுதிவிடுகிறது. வேலை எறிவது மட்டும்தான் என்றால் மயாமியின் டான் மரீனோவை முதலில் வைத்துவிட்டு எழுந்து போகலாம். 1984 என்ற ஒரே பருவத்தில் எறிந்தே 5,084 கெஜம், 48 டச்டவுன். ஒரு பருவத்தில் 5,000 கெஜத்தைத் தாண்டிய முதல் கை அவருடையது. ஆனால் அந்தப் பருவத்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் ஜோ மான்டானாவின் சான் பிரான்சிஸ்கோ அவரை 38-16 என்று தோற்கடித்தது. அதற்குப் பிறகு மரீனோ சூப்பர் பவுல் பக்கமே வரவில்லை. மான்டானாவோ நான்கு சூப்பர் பவுல் ஆடி நான்கிலும் வென்றார்; நான்கிலும் சேர்த்து அவர் எறிந்த ஒரு பந்தைக்கூட எதிரணி பறிக்கவில்லை. வெறும் எறிதலில் இது அடங்குமா?

வரலாறும் 'எறிநர்' பக்கம் இல்லை. பந்தை முன்னோக்கி எறிவதை விதி அனுமதித்ததே 1906இல்தான். அதற்கு முன் 26 ஆண்டுகள் குவார்ட்டர்பேக்குகள் இருந்தார்கள், எறியாமலேயே இருந்தார்கள். பிறகு வந்த 'சிங்கிள் விங்' அமைப்பில் பந்து நேராகப் பின்னால் தள்ளி நிற்கும் டெயில்பேக்கிடம் போகும், குவார்ட்டர்பேக் அவருக்கு வழிவிலக்கிக் கொடுப்பார். வாஷிங்டனின் சாமி பா எல்லாப் பட்டியலிலும் குவார்ட்டர்பேக்காகவே இடம்பெறுகிறார். ஆனால் 1944 வரை அவர் டெயில்பேக்காகத்தான் எறிந்தார். 1940 இறுதி ஆட்டத்தில் சிகாகோ பேர்ஸ் இதே வாஷிங்டனை 73-0 என்று நொறுக்கிய பிறகுதான் குவார்ட்டர்பேக்கே பந்தை நேராக வாங்கும் 'டி' அமைப்பு எல்லா இடத்துக்கும் பரவி, இன்று நாம் பார்க்கும் குவார்ட்டர்பேக் உருவானார். இந்தப் பக்கம் 2019இன் லாமர் ஜாக்சனைப் பாருங்கள். அந்தப் பருவத்தில் 1,206 கெஜம் ஓடியே கடந்தார். அவரை 'எறிநர்' என்றால் பாதி ஆளைத்தான் சொன்னதாகும்.

அப்படியானால் இத்தனை காலமும் மாறாமல் இருந்தது எது? கட்டளை. எறியாத காலத்திலும், வழிவிலக்கிய காலத்திலும் பெரும்பாலும், அடுத்து என்ன ஆட்டம், அதாவது அடுத்த நகர்வு என்ன, என்று குரல் கொடுத்தவர் குவார்ட்டர்பேக்தான். அதனால் நான் சொல்லும் சொல் 'ஏவுநர்'.

ஏவு என்ற வினைக்கு இரண்டு பொருளும் சம பலத்தோடு இருக்கின்றன. ஒருவரை ஒரு செயல் செய்யச் சொல்வது ஏவுதல். இலக்கணத்தில் 'வா', 'போ', 'ஓடு', 'நில்' எல்லாம் ஏவல் வினை என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். வட்டமாகக் கூடி நிற்கும் பத்துப் பேரிடம் குவார்ட்டர்பேக் பேசுவது முழுக்க ஏவல் வினைதான். அடுத்து, ஓர் எறிபொருளைக் குறிநோக்கிச் செலுத்துவதும் ஏவுதல். பழந்தமிழில் 'ஏ' என்றாலே அம்பு. இன்று ஏவுகணை, ஏவுதளம். ஆளையும் ஏவுகிறார், பந்தையும் ஏவுகிறார். ஆங்கிலச் சொல்லில் இந்த இரண்டில் ஒன்றுகூட இல்லை. நம் சொல் மூலத்தைவிடத் தெளிவாக இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமையே உண்டு.

ஓசையிலும் பழக்கமானது. ஓட்டுநர், இயக்குநர் வரிசையில் தானாக உட்கார்ந்துகொள்கிறது. கடிதம் எழுதக் கற்ற பிள்ளைக்கு அனுப்புநர், பெறுநர் தெரியும். அந்தப் பெறுநரை இங்கேயும் அழைத்துக்கொள்ளலாம். ஓடிப்போய்ப் பந்தை வாங்குகிறவர் பெறுநர். "ஏவுநர் மான்டானா, பெறுநர் ஜெர்ரி ரைஸ்" என்று எழுதிப் பாருங்கள், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது. ஒரே ஒரு வேண்டுகோள்: 'ஏவுனர்' என்று எழுதிவிடாதீர்கள். விகுதி 'நர்'. இயக்குநரை இயக்குனர் ஆக்கிக் கெடுத்தது போதும்.

மறுப்பு வரும், தெரியும். ஏவல் என்றாலே பில்லி சூனியம் நினைவுக்கு வருகிறதே என்பார்கள். ஏவுகணை என்று கேட்கும்போது யாருக்காவது சூனியம் நினைவுக்கு வந்ததா? ஏவலாள் என்றால் வேலைக்காரன் ஆயிற்றே என்பார்கள். ஏவலாள் ஏவப்படுகிறவன், ஏவுநர் ஏவுகிறவர். விகுதி அதற்காகத்தான் இருக்கிறது. கொஞ்சம் கனமான மறுப்பு ஒன்றும் உண்டு: இப்போது ஆட்டத்தைச் சொல்வது பயிற்சியாளர்தானே, குவார்ட்டர்பேக் எங்கே ஏவுகிறார்? உண்மைதான், 1994 முதல் தலைக்கவசத்துக்குள் வானொலி இருக்கிறது, பயிற்சியாளரின் குரல் நேராகக் காதுக்கு வருகிறது. ஆனால் ஒவ்வொரு நகர்வுக்கும் தனியாக ஓடும் கடிகாரத்தில் 15 விநாடி மீதியிருக்கும்போது அந்தக் குரல் அறுந்துவிடும். அப்புறம் அவர் தனி ஆள். எதிரே பதினொருவர் எப்படி நிற்கிறார்கள் என்று பார்த்து, சொன்ன ஆட்டம் சரிப்படாது என்று தெரிந்தால் அங்கேயே மாற்றிக் கூவ வேண்டும். பெய்ட்டன் மேனிங் "ஒமாஹா, ஒமாஹா" என்று கத்தியது அந்த விநாடிகளில்தான். ஐந்து முறை லீகின் மதிப்புமிகு வீரர் ஆனவரின் பெருமையில் பாதி, பந்து கைக்கு வரும் முன்பே செய்த வேலையில் இருக்கிறது.

இந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு பழைய பெயர்களைத் திரும்பப் பார்த்தால் வரிசை கொஞ்சம் மாறுகிறது. கிளீவ்லாந்தின் ஆட்டோ கிரஹாம் 10 பருவங்கள் ஆடி 10 முறையும் இறுதி ஆட்டத்துக்கு அணியைக் கொண்டுபோனவர், ஏழில் வென்றவர். கோப்பைக் கணக்கில் அவரை எளிதில் அசைக்க முடியாது. ஆனால் ஆட்டங்களைச் சொல்லியனுப்பியவர் பயிற்சியாளர் பால் பிரவுன். ஓர் ஆள் ஓடிவந்து சேதி சொல்வார், கிரஹாம் அதை நடத்திக் காட்டுவார். பால்டிமோரின் ஜானி யுனைட்டஸ் தன் ஆட்டங்களைத் தானே சொன்னவர். 1958 டிசம்பர் 28, யாங்கீ மைதானம், நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிரான இறுதி ஆட்டம். ஏழு விநாடி இருக்கும்போது 17-17. கூடுதல் நேரத்தில் 80 கெஜத்தை 13 நகர்வுகளில் கடந்தார். கோல்கோட்டுக்கு அருகில் வந்தாயிற்று. ஓர் உதை உதைத்து மூன்று புள்ளி எடுத்தால் பட்டம் கையில். எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். யுனைட்டஸ் ஓரக்கோட்டுப் பக்கமாக ஜிம் முட்ஷெல்லருக்குப் பந்தை ஏவினார், கோல்கோட்டுக்கு ஒரு கெஜம் வரை போயிற்று. அடுத்து ஆலன் அமீச்சியை ஏவினார், அவர் ஓடி முடித்தார். 23-17. கடைசி நகர்வில் அவர் எறியவே இல்லை, ஆனாலும் அது அவருடைய வெற்றி. ஏழு சூப்பர் பவுல் வென்ற பிரேடியை மொத்தக் கணக்கில் முதலில் வைப்பதில் எனக்குத் தகராறு இல்லை. ஏவுநர் என்ற சொல்லுக்கு முழுப்பொருளாக நிற்கிறவர் யார் என்றால் என் விரல் யுனைட்டஸ் பக்கம்தான் நீளும்.

மொழிபெயர்க்கிறவர்களோடு எனக்குள்ள வழக்கு இந்த ஒரு சொல்லோடு முடியவில்லை. சூப்பர் பவுலை 'சூப்பர் கிண்ணம்' என்கிறார்கள். இலங்கைத் தமிழில் கிண்ணம் என்றால் கோப்பை. உலகக் கிண்ணம் என்றே எழுதுவார்கள். சூப்பர் பவுலில் கொடுக்கும் லொம்பார்டி பரிசு ஒரு பந்தின் வடிவம், கிண்ணமே கிடையாது. 'பவுல்' என்ற பெயர் கிண்ணம் போல வளைந்த யேல், ரோஸ் மைதானங்களிலிருந்து வந்தது. பொருளைத் தேடாமல் அகராதியின் முதல் வரியை எடுத்து ஒட்டுவதால் வரும் வினை இது. ஊர்ப் பெயர் போல ஆகிவிட்ட அதைச் சூப்பர் பவுல் என்றே விட்டுவிடலாம். எல்லாவற்றையும் தமிழாக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை; ஆக்கினால் பொருளோடு ஆக்குங்கள் என்கிறேன். பொருள் பிடிபடவில்லையென்றால் 'குவார்ட்டர்பேக்' என்று ஒலிபெயர்த்தே எழுதுங்கள், அது 'பின்கள வீர'ரைவிட நேர்மையானது.

அலுவலக ஆங்கிலத்தில் இந்தச் சொல் வினையாகவும் வருகிறது. ஒரு திட்டத்தை இன்னார் குவார்ட்டர்பேக் செய்தார் என்பார்கள். அங்கே ஏவுநரை இழுக்க வேண்டாம், 'முன்னின்று நடத்தினார்' என்று நம்மிடம் பழைய தொடரே இருக்கிறது. ஆட்டம் முடிந்த மறுநாள் உட்கார்ந்துகொண்டு அப்படி ஆடியிருக்கலாம், இப்படி ஆடியிருக்கலாம் என்று பேசுகிறவரை அமெரிக்கர்கள் 'திங்கட்கிழமைக் காலைக் குவார்ட்டர்பேக்' என்கிறார்கள். அதையும் கிழமை மாறாமல் அப்படியே தமிழில் எழுதியிருந்ததைப் படித்தேன். திண்ணைப் பேச்சு என்றால் எல்லாருக்கும் புரிந்திருக்கும்.