அரியம்: சொல்லுக்குள்ளேயே இருக்கும் சூத்திரம்

மரம் அரியும் ஆலையில் ஒரு நீளச் சட்டத்தை நுனியில் குறுக்கே அரிந்தாலும் நடுவில் அரிந்தாலும் வெட்டுமுகம் ஒன்றுபோலவே வரும். ‘அரியம்’ என்ற இலங்கைப் பாடப்புத்தகச் சொல்லைப் பிடித்துக்கொள்ள இந்தக் காட்சி போதும்.

‘பிரிசம்’ என்று ஆங்கில வழியில் வந்த பெயரின் வேர் கிரேக்க மொழியில் இருக்கிறது. ‘பிரிஸ்மா’ என்றால் வாளால் அரியப்பட்டது. தமிழில் ‘அரி’ என்ற வினை வெங்காயம் அரிவதிலும் மரம் அரிவதிலும் அரிவாளிலும் இன்றும் புழங்குகிறது. அதனோடு ‘அம்’ சேர, கிரேக்கப் பொருள் சிந்தாமல் வந்துவிட்டது. கிடைப்பதற்கு அரியது என்பதோடு இதற்கு உறவில்லை. பிள்ளைகள் அப்படித்தான் முதலில் நினைக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இதையே ‘பட்டகம்’ என்பார்கள். பென்சிலை ஆறு பட்டை என்கிறோமே, அந்தப் பட்டையை நினைவூட்டும் சொல். பிழையில்லை. ஆனால் அது பக்கங்களைக் காட்டுகிறது, அரியம் வெட்டைக் காட்டுகிறது. கனவளவு கணிக்க உதவுவது வெட்டுதான்.

பண்டைய கிரேக்கக் கணிதர் யூக்கிளிட் தம் வடிவியல் தொகுதியின் 11ஆம் நூலில் தரும் வரையறை: எதிரெதிரே சமமான, ஒத்த, சமாந்தரமான இரு முகங்கள், மற்ற முகங்கள் எல்லாம் இணைகரங்கள். நிமிர்ந்த அரியத்தில் அந்த இணைகரங்கள் செவ்வகமாகிவிடும். அப்போது

கனவளவு = குறுக்குவெட்டின் பரப்பளவு × நீளம்

லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) கூரையின் உட்பகுதி ஒரு முக்கோணி அரியம். அகலம் 8 மீற்றர், முகட்டின் செங்குத்து உயரம் 3 மீற்றர், நீளம் 30 மீற்றர் என்றால் பரப்பளவு ½ × 8 × 3 = 12 சதுர மீற்றர், கனவளவு 360 கன மீற்றர். அதே கூரையின் சாய்வு நீளம் 5 மீற்றர். உயரம் என்று அதைப் போட்டால் விடை 600 ஆகிவிடும். இன்னொரு பிழை, கீழே படிந்திருக்கும் முகத்தையே ‘அடி’ என்று சொல்லி, அதைக் குறுக்குவெட்டாக எடுப்பது. இந்தக் கூரை படிந்திருப்பது செவ்வகத்தின் மேல். குறுக்குவெட்டோ முன்பக்கம் தெரியும் முக்கோணி.

வாய் அகன்று அடி ஒடுங்கிய தேயிலைக் கொழுந்துக் கூடை அரியமல்ல. மேலே அரிந்தால் பெரிய வட்டம், கீழே அரிந்தால் சிறியது. உருளைக்கு இதே சூத்திரம் பொருந்தும், ஆனால் வளைந்த பரப்பு இருப்பதால் யூக்கிளிட் கணக்கில் அது அரியமாகாது.

தேயிலை மலையில் வெட்டும் கான், அதாவது மழைநீர் வடிகால், நல்ல பயிற்சி. மேல் அகலம் 60, அடி அகலம் 40, ஆழம் 45 சென்ரிமீற்றர். குறுக்குவெட்டு சரிவகம்: ½ × (60 + 40) × 45 = 2250 சதுர சென்ரிமீற்றர். மலையிலிருந்து இறங்கும் கானில் அளவுநாடாவைச் சரிவோடு பிடித்து நீளம் எடுத்தால், ஆழத்தைக் கானின் அடித்தளத்துக்குச் செங்குத்தாக எடுக்க வேண்டும். தூக்குக்குண்டு விட்டு ஆழம் பார்த்தால் நீளத்தையும் கிடையாகவே எடுக்க வேண்டும். நீளத்தைச் சரிவோடும் ஆழத்தைத் தூக்குக்குண்டோடும் எடுத்துப் பெருக்கினால் மண் கணக்கு கூடும். 30 பாகைச் சரிவில் ஏறத்தாழ 15 சதவீதம்.

இந்தக் கானில் 10 மீற்றர் நீளத்துக்கு வெட்டிய மண் எவ்வளவு? 2250 × 10 = 22,500 என்று எழுதி, அதைக் கன சென்ரிமீற்றர் என்றும் போடுவார்கள். அதாவது 22.5 லீற்றர், இரண்டு வாளி மண். பரப்பளவு சென்ரிமீற்றரில் இருக்க நீளத்தை மீற்றரில் விட்டதால் வந்த வினை இது. நீளத்தை 1000 சென்ரிமீற்றர் ஆக்கினால் 22,50,000 கன சென்ரிமீற்றர், அதாவது 2.25 கன மீற்றர். லீற்றரில் 2250.