ஊதி ஒலிக்கும் மணி: ஊர் ஓசைகளை பேண்டு இசையாக்குவது எப்படி?

கிளாரினெட்டை எடுத்து, ஒரு தேவாலய மணியின் சுருதியைக் கண்டுபிடித்து, அதே சுரத்தை ஊதிப் பாருங்கள். மணி கேட்காது. சுருதி அச்சாகப் பொருந்தினாலும் காதில் விழுவது கிளாரினெட்தான். ஊர் ஓசைகளை வைத்து பேண்டு குழுவுக்குப் புதிதாக இசை எழுத நினைப்பவர்கள் முதலில் முட்டி நிற்கும் இடம் இது. ஒரு ஓசையை இன்னதென்று அடையாளம் காண நமக்குச் சுருதி மட்டும் போதாது. அதற்குள் என்னென்ன அதிர்வெண்கள் கலந்திருக்கின்றன, அவை ஒவ்வொன்றும் எப்போது எழுந்து எப்போது அடங்குகின்றன என்பதும் வேண்டும். அதைப் பிடித்துவிட்டால் மணியை மட்டுமல்ல, ரயில் ஹாரனையும் குக்கர் விசிலையும்கூட ஊதுவாத்தியங்களுக்கு எழுதலாம்.

பேண்டு என்றால் காவல்துறை அணிவகுப்பிலும் கல்யாண ஊர்வலத்திலும் நாம் பார்த்த அதே குழுதான். புல்லாங்குழல், கிளாரினெட், சாக்ஸபோன், டிரம்பெட், டிராம்போன், டியூபா, கூடவே டிரம் வகைகள். தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சிக்காலம் 1798–1832) அரண்மனையிலேயே மேலைநாட்டு பேண்டு வைத்திருந்தார். 19-ஆம் நூற்றாண்டில் கிளாரினெட், பரதநாட்டியத்தின் முன்னோடியான சதிர்க் கச்சேரிக்கு வாசிக்கும் சின்ன மேளம் என்ற குழுவுக்குள் புகுந்தது. பின்னால் ஏ.கே.சி. நடராஜன் அதைக் கர்நாடக இசையின் தனிக் கச்சேரி வாத்தியமாகவே உயர்த்தினார். இவ்வளவு பழகிய வாத்தியங்கள் ஒன்றாகச் சேர்ந்தால் மட்டும் இன்னும் பெரும்பாலும் அணிவகுப்பு மெட்டும் சினிமாப் பாட்டும்தான் வாசிக்கின்றன என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. நம் தெருவின் ஓசையும் அவற்றுக்குள் வர வேண்டும்.

முதல் வேலை, ஓசையைப் பதிவு செய்வது. செல்போன் போதும். அப்புறம் அதை ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் திறந்து ஸ்பெக்ட்ரோகிராமாகப் பார்க்க வேண்டும். எவ்வளவு சிக்கலான ஓசையையும் வெவ்வேறு அதிர்வெண் கொண்ட எளிய அலைகளாகப் பிரித்துவிடலாம். ஃபூரியே என்ற பிரெஞ்சு அறிஞர் தந்த கணிதம்தான் இதற்கு அடிப்படை. படத்தில் இடமிருந்து வலமாக நேரம் ஓடும், கீழிருந்து மேலாக அதிர்வெண் ஏறும், வலுவான அலை பளிச்சென்று தெரியும். புல்லாங்குழலைப் பதிவு செய்தால் 440, 880, 1320 ஹெர்ட்ஸ் என்று சம இடைவெளியில் கோடுகள் விழும். மணியில் கோடுகள் உண்டு, சம இடைவெளி கிடையாது. குக்கரிலோ கோடே தெளிவாகத் தெரியாது, படம் முழுக்க ஒரே பரவலான மங்கல்.

மணியைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். ஐரோப்பிய முறையில் வார்த்துச் சுருதி சேர்த்த தேவாலய மணியின் முக்கியமான ஐந்து அதிர்வெண்கள் 0.5 : 1 : 1.2 : 1.5 : 2 என்ற விகிதத்தில் அமையும். சுருதி 440 ஹெர்ட்ஸ் என்றால் உள்ளே 220, 440, 528, 660, 880 எல்லாம் சேர்ந்து ஒலிக்கின்றன. இதில் 528தான் விசேஷம். புல்லாங்குழலில் 440-ஐ ஊதினால் அதோடு 528 வரவே வராது. மணியின் உலோகச் சுவர் வளைந்து அதிரும் விதத்தால் வருவது அது. 440-ஐ ஸட்ஜமாக வைத்தால் 528, கர்நாடக இசையில் ‘சாதாரண காந்தாரம்’ என்று பெயர் கொண்ட சுரம். தேவாலய மணியில் எப்போதும் ஒரு சோகம் ஒட்டியிருப்பதாகத் தோன்றுவதற்கு இந்தக் காந்தாரம்தான் காரணம் என்று நினைக்கிறேன். நம் சிவன் கோயில், பெருமாள் கோயில் மணிகளில் இந்த விகிதத்தை எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொரு மணிக்கும் தனிக் கணக்கு, பதிவு செய்து பார்த்துத்தான் எழுத வேண்டும்.

சரி, ஐந்து அதிர்வெண்களையும் ஐந்து பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் மணி வந்துவிடுமா? பாதிதான் வரும். ஒவ்வொரு வாத்தியமும் தன் சொந்த மேற்சுரங்களையும், அதாவது ஊதும் சுரத்துக்கு மேலே சேர்ந்து ஒலிக்கும் அதிர்வெண்களையும், கூடவே கொண்டுவந்துவிடும். டிரம்பெட்டை ஓங்கி ஊத ஊத மேற்சுரங்கள் பெருகும். ஐந்து டிரம்பெட் சேர்ந்தால் மணியின் ஐந்து கோடுகள் அந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விடும். அதனால் மேற்சுரம் குறைந்த வாத்தியங்களைத் தேட வேண்டும். மேல் ஸ்தாயியில் மெதுவாக ஊதும் புல்லாங்குழல் கிட்டத்தட்ட ஒற்றை அலைதான். கிளாரினெட் இன்னும் சுவாரசியம். ஒரு முனை ரீடால் அடைபட்ட நேர்க்குழாய் என்பதால் கீழ் ஸ்தாயியில் 1, 3, 5 என்ற ஒற்றைப்படை மேற்சுரங்களே அதில் வலுவாக இருக்கும், இரண்டாவது மெலிந்துவிடும். 220-இன் மூன்று மடங்கு 660. அது மணியிலும் இருக்கிறது! எனவே 220-க்கு பாஸ் கிளாரினெட், 440-க்கும் 528-க்கும் கிளாரினெட்டுகள், 660-க்கும் 880-க்கும் புல்லாங்குழல்கள் என்று பிரிப்பதுதான் என் தேர்வு. 528-ஐ வாசிப்பவர் உதட்டை இறுக்கிச் சுருதியைச் சற்று ஏற்ற வேண்டும், ஏனென்றால் அவர் வாத்தியத்தில் அந்த இடத்துச் சுரம் 523தான்.

ஒரு முறை பிரான்ஸில் இதையே பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். ஜெரார் கிரிசே என்ற இசையமைப்பாளர் 1975-இல், டிராம்போனின் தாழ்ந்த ஒலி ஒன்றுக்குள் இருக்கும் அதிர்வெண்களை ஆராய்ந்து, அவற்றை 18 கலைஞர்களுக்குப் பகிர்ந்து எழுதினார். ஓசையின் உள்கட்டமைப்பிலிருந்தே இசை அமைக்கும் ஒரு போக்கு அங்கிருந்து வளர்ந்தது.

மீதிப் பாதி மணி, நேரத்தில் இருக்கிறது. பியானோ பதிவைப் பின்னோக்கி ஓடவிட்டால் அது பியானோவாகவே கேட்காது, ஹார்மோனியம் மாதிரி இருக்கும். அதிர்வெண்கள் அதேதான், தொடக்கமும் முடிவும் இடம் மாறிவிட்டன, அவ்வளவுதான். மணியை மணியாக்குவது முதல் சில நூறில் ஒரு பங்கு விநாடியில் விழும் உலோக அடி. ஊதுவாத்தியத்தால் அதைத் தர முடியாது. எனவே குழுவிலுள்ள தாளக்காரரிடம் இரும்புத் துண்டையோ, உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் குளோக்கன்ஸ்பீலையோ கொடுத்து, எல்லாரும் ஊதத் தொடங்கும் அதே நொடியில் ஒரு தட்டு தட்டச் சொல்ல வேண்டும். அடுத்தது அடங்கும் வரிசை. மணியில் மேல் அதிர்வெண்கள் முதலில் சாகும், அடியில் உள்ள 220 கடைசிவரை நிற்கும். அதனால் 880 ஊதுபவர் முதலில் நிறுத்துவார், பிறகு 660, பிறகு 528. பாஸ் கிளாரினெட் இரண்டு பேர் மாற்றி மாற்றி மூச்சு வாங்கி 220-ஐ இழுத்துக்கொண்டிருப்பார்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. மணி அடங்கும்போது ஒரு துடிப்பு கேட்கும் அல்லவா, ‘ம்ம்... ம்ம்...’ என்று? எந்த மணியும் முழு வட்டமாக வார்க்கப்படுவதில்லை. அந்தச் சிறு கோணலால் ஒவ்வொரு அதிர்வெண்ணும் மிக நெருக்கமான இரண்டாகப் பிளந்து, ஒன்றோடொன்று மோதி விம்மல்களை உண்டாக்குகிறது. 440, 442 என்று இரண்டு அலைகள் சேர்ந்தால் விநாடிக்கு 2 விம்மல். பேண்டில் இதைக் கொண்டுவர ஒரு கிளாரினெட்டின் மேல் இணைப்பை ஒரு நூலளவு வெளியே இழுத்தால் போதும். குழாய் நீண்டு சுருதி இறங்கிவிடும். சுருதி பிசகாமல் ஊதுவதற்கே வருடக்கணக்கில் பயிற்சி எடுத்த கலைஞர்களிடம் ‘இங்கே சேராமல் ஊதுங்கள்’ என்று கேட்க வேண்டியிருக்கும். என்ன நடக்கிறது என்பதை விளக்கிச் சொன்னால் அவர்களே ரசித்துச் செய்வார்கள்.

குக்கர் விசிலுக்கு இவ்வளவு வேலை இல்லை. விசில் என்கிறோமே தவிர அதில் சுருதி கொஞ்சம்தான். உள்ளே அழுத்தம் ஏறி, தண்ணீர் 120 டிகிரி செல்சியஸ் வரை சூடாகி, தலையில் உள்ள எடையைத் தூக்கிக்கொண்டு நீராவி சீறுவதுதான் அது. வாத்தியத்தில் சுரம் எழாமல் வெறும் காற்றை மட்டும் செலுத்தினால் இந்தச் சீறல் கிடைக்கும். வாயை ‘ஸ்’ என்று வைத்தால் கூர்மையாக, ‘ஷ்’ என்று வைத்தால் சற்று மந்தமாக. ஆனால் இருபது பேர் சேர்ந்து ஊதினாலும் இந்த ஒலி மெலிசுதான். அந்த இடத்தில் மற்ற எல்லாரும் அமைதியாக இருக்க வேண்டும்.

ரயிலுக்கு டாப்ளர் விளைவு. ஓசை எழுப்புவது நம்மை நெருங்கும்போது சுருதி உயர்ந்தும் விலகும்போது தாழ்ந்தும் கேட்பதுதான் அது. வேகமாகப் போகும் ஒரு ரயிலை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 110 கி.மீ. என்பது விநாடிக்கு ஏறக்குறைய 30.6 மீட்டர். 30 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 349 மீட்டர். நெருங்கும்போது கேட்கும் அதிர்வெண்ணை விலகும்போது கேட்பதால் வகுத்தால் 1.19 வரும், அதாவது மூன்று அரைச்சுர இறக்கம் (ஹார்மோனியத்தில் கறுப்பு, வெள்ளை எல்லாம் சேர்த்து அடுத்தடுத்த மூன்று கட்டைகள்). இங்கே காது நம்மை ஏமாற்றும். ரயில் கிட்டே வர வர ஹாரனின் சுருதி ஏறுவதாகத் தோன்றும், உண்மையில் ஏறுவது சத்தம் மட்டும்தான். சுருதி ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்று, தாண்டும்போது சரிகிறது. ஆகவே டிராம்போனுக்கு எழுதும்போது ஏறும் ஜாரு (சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்வது) வேண்டாம். ஒரே சுரத்தில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போய், பிறகு ஸ்லைடை, அதாவது டிராம்போனின் நீட்டி மடக்கும் குழாயை, மூன்று நிலைகள் நீட்டினால் மூன்று அரைச்சுரம் கச்சிதமாக இறங்கும். ஹாரனில் இரண்டு சுரம் கேட்டால் டிராம்போனும் இரண்டு. ஸ்லைடை நீட்டும் வேகத்துக்கும் பொருள் உண்டு. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்றால் இறக்கம் சட்டென்று முடியும், வயலுக்கு அப்பால் நின்றால் மெல்ல வழியும். கேட்பவரை எங்கே நிறுத்துவது என்பதை இசையமைப்பாளர் இந்த வேகத்தாலேயே முடிவு செய்யலாம்.

ரயிலின் விகிதம் 1.19, மணிக்குள் இருக்கும் காந்தாரத்தின் விகிதம் 1.2. காதுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 264 ஹெர்ட்ஸில் ஊதத் தொடங்கும் டிராம்போன் இறங்கி வந்து 220-இல் நிற்கும்போது, அதே 220-ஐ பாஸ் கிளாரினெட் வாங்கிக்கொள்ள, மணியின் அடி அங்கே விழலாம். எட்டு விநாடி நிற்கும் மணியை எண்பது விநாடிக்கு இழுத்து எழுதினால் அதனுள் இருக்கும் ஸட்ஜமும் காந்தாரமும் பஞ்சமமும் தனித்தனியாகக் காதுக்குத் தெரியத் தொடங்கும். அப்போது ஒரு புல்லாங்குழல் ரிஷபத்தைத் தொடலாம். சதுஸ்ருதி ரிஷபம் என்றால் கரகரப்ரியா ராகத்துக்கு வழி, அதைவிடத் தாழ்ந்த சுத்த ரிஷபம் என்றால் தோடி ராகத்துக்கு.