கஸ்தே நபாஷித்: களைப்பு அண்டாதிருக்கட்டும்

தெஹ்ரானில் ஒரு காய்கறிக் கடைக்குள் நுழைபவர் 'சலாம்' சொன்ன கையோடு 'கஸ்தே நபாஷித்' என்றும் சொல்வார். டாக்சியை விட்டு இறங்கும்போது ஓட்டுநரிடம் இதைச் சொல்வார்கள். தெருவில் குழி வெட்டிக்கொண்டிருப்பவரைக் கடந்து போகும்போதும் சொல்வார்கள். வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் ஆசிரியரிடம் 'ஒஸ்தாத், கஸ்தே நபாஷித்' என்பார்கள். பாடம் முடியாமலே எல்லோரும் சேர்ந்து அப்படிச் சொன்னால், 'இன்றைக்கு இது போதும்' என்று ஜாடை காட்டுகிறார்கள் என்று பொருள்.

ஈரானின் மொழியான பாரசீகத்தில் மரியாதையாகப் பேச விரும்புபவர்களுக்கு முதலில் சலாம், 'சோப் பெகேர்' என்ற காலை வணக்கம், 'ஹாலெ ஷொமா செதோரெ' என்ற நல விசாரிப்பு ஆகியவற்றைக் கற்றுத்தருவார்கள். எல்லாம் தேவைதான். ஆனாலும் எதிரே இருப்பவரின் உழைப்பைப் பார்த்துவிட்டுச் சொல்லும் வணக்கம் கஸ்தே நபாஷித். அதனாலேயே முதலில் கற்க வேண்டியது இதுதான் என்பேன்.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். 'கஸ்தே' என்றால் களைத்துப்போன. அதன் முதல் ஒலி தமிழ் ககரம் இல்லை. தொண்டையில் உரசி வரும் ஒலி. 'ந' எதிர்மறை. 'பாஷ்' என்பது 'இரு' என்ற வினையின் அடி. 'இத்' என்பது 'நீங்கள்' என்ற மரியாதைப் பன்மைக்கான விகுதி. பேச்சில் இது 'நபாஷின்' என்று மாறும், நெருங்கிய நண்பரிடம் 'நபாஷி' என்று சுருங்கும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'களைத்தவராக இல்லாதிருப்பீராக' என்று வரும்.

இதில் வரும் 'பாஷ்' நமக்குப் புதிதில்லை. நாம் கைதட்டிச் சொல்லும் 'சபாஷ்' பாரசீகத்து 'ஷாத் பாஷ்', அதாவது 'மகிழ்ச்சியாக இரு' என்ற வாழ்த்திலிருந்து வந்தது. அந்த 'இரு'தான் இங்கும் இருக்கிறது.

'கஸ்தே'க்குப் பழைய பொருள் வேறு. பழம்பாரசீகக் கவிதைகளில் அது 'காயப்பட்ட' என்று பொருள்படும். 'தில்கஸ்தே' என்றால் நெஞ்சில் புண்பட்டவர். காயப்பட்ட உடல் ஓய்ந்துபோகும், அந்த ஓய்ச்சலே பின்னால் சொல்லின் பொருளாக நிலைத்துவிட்டது. துருக்கி மொழிக்குப் போன இதே சொல் அங்கே 'ஹஸ்தா' ஆகி நோயாளியைக் குறிக்கிறது. மருத்துவமனைக்கு அங்கே 'ஹஸ்தானே' என்று பெயர். உருதுவிலும் இந்தியிலும் 'கஸ்தா' என்றால் சிதைந்த, நொறுங்கும் என்று பொருள். தொட்டாலே உதிரும் கஸ்தா கச்சோரிக்கு அந்தப் பெயர் வந்தது இப்படித்தான். இன்றைய ஈரானில் கஸ்தே நபாஷித் என்று சொல்பவர் யாரும் காயத்தை நினைப்பதில்லை, களைப்பை மட்டுமே நினைக்கிறார்கள்.

ஈரானுக்குக் கிழக்கே சொல் மாறுகிறது, வாழ்த்து மாறவில்லை. ஆப்கானிஸ்தானில் பேசும் பாரசீகமான தரி மொழியில் 'மாந்தா நபாஷி' என்பார்கள், தஜிகிஸ்தானில் 'மோந்தா நபோஷெத்'. 'மாந்தா' என்பது 'தங்கிவிட்ட, பின்தங்கிய' என்ற பொருளிலிருந்து வந்த களைப்பு. நடக்க முடியாமல் வழியிலேயே நின்றுவிட்டவரின் களைப்பு என்று சொல்லலாம். அதற்கு மறுமொழி 'ஜிந்தா பாஷி', உயிரோடு இரு. ஆப்கானிஸ்தானில் வாழும் பஷ்தூன் மக்களும் தங்கள் பஷ்தோ மொழியில் களைப்படையாதே என்றுதான் வாழ்த்துகிறார்கள்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'சோர்வடையாதீர்கள்' என்றால் கட்டளை போல ஒலிக்கிறது. தோற்றவரைத் தேற்றும் வாசகமாகவும் தோன்றும், ஏனென்றால் சோர்வு மனத்துக்கும் உண்டு. 'தளரற்க' என்பது இலக்கணப்படி அருமையான பொருத்தம். பாரசீகத்தில் இருப்பது போலவே இதுவும் எதிர்மறை வியங்கோள். 'மறவற்க மாசற்றார் கேண்மை' என்று குறளில் வரும் அதே வடிவம். ஆனால் இன்றைய காதுக்கு அது அறிவுரையாகக் கேட்கும், கடைக்காரரிடம் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். 'அலுப்பு' என்றால் சலிப்பும் சேர்ந்துகொள்ளும். உடல் உழைத்து வருவதை மட்டும் சொல்லும் சொல் களைப்பு. அதோடு நம் பெரியவர்களின் வாழ்த்துமுறை ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். 'நோய்நொடி அண்டாம நல்லா இருக்கணும்' என்று ஆசி சொல்வார்கள் அல்லவா? அதிலும் கெட்டது வராமலிருக்கத்தான் வேண்டுகிறோம். ஆகவே எழுத்தில் 'களைப்பு அண்டாதிருக்கட்டும்', பேச்சில் 'களைப்பு அண்டாம இருங்க' என்பதே என் தேர்வு. கதையோ வசன வரியோ மொழிபெயர்ப்பவர்கள், இடத்தைப் பொறுத்து வெறும் 'வணக்கம்' என்றோ 'ரொம்ப நன்றி' என்றோ போட்டுவிடுகிறார்கள். அப்போது வாழ்த்து முழுக்கக் காணாமல் போகிறது.

இதற்கு ஈரானில் சொல்லும் மறுமொழி 'சலாமத் பாஷித்', நலமாக இருங்கள். 'கஸ்தே' என்ற சொல்லே வாயில் வர வேண்டாம் என்று நினைப்பவர்கள் அங்கேயே உண்டு. அவர்கள் 'கொதா கொவ்வத்', கடவுள் பலம் தரட்டும் என்பார்கள். கடுமையான உடலுழைப்பில் இருப்பவரிடம் அதுவும் வெகு இயல்பு. உதவி செய்தவரிடமோ சமைத்துப் போட்டவரிடமோ சொல்வது வேறு: 'தஸ்தெ ஷொமா தர்த் நகொனெ', உங்கள் கை வலிக்காதிருக்கட்டும். அதைக் கேட்டவர், உங்கள் தலை வலிக்காதிருக்கட்டும் என்று திருப்பிச் சொல்வார்.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். வேலையில் இருப்பவருக்கும் வேலை முடித்தவருக்கும் உரியது கஸ்தே நபாஷித். விருந்தாளியாக ஒரு வீட்டுக்குப் போய்க் கதவு திறந்ததும் சொல்ல சலாமே போதும். வீட்டுக்காரம்மா அடுப்படியிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்தால் தாராளமாக இதைச் சொல்லலாம்.