எட்டு கிளாஸ் டீயில் எவ்வளவு தண்ணீர்?

பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிற ஒருவர் போன கோடையில் சிறுநீரகக் கல் வலியோடு வந்தார். அவருக்கு அது இரண்டாவது தடவை. வலிக்கு ஊசி போட்டு, ஸ்கேன் எடுத்து, கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "டீயை விட்டே ஆறு மாசம் ஆச்சுங்க டாக்டர், அப்புறமும் ஏன் வருது?" என்பதுதான். முதல் தடவை கல் வந்தபோது யாரோ அவரிடம், டீ உடம்பில் இருக்கிற தண்ணீரையெல்லாம் இழுத்து வெளியே தள்ளிவிடும், அதனால்தான் கல் வருகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். தினமும் எட்டு டீ குடித்த மனுஷன் ஒரே நாளில் நிறுத்திவிட்டார். சரி, டீக்குப் பதிலாக என்ன குடித்தீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் இல்லை. தறிச் சத்தத்துக்கு நடுவே பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், இழை அறுந்தால் ஓடிப்போய் முடிச்சுப் போட வேண்டும், தண்ணீர் குடிக்கவென்று யாரும் தறியை நிறுத்துவதில்லை, டீக்குத்தான் நிறுத்துவார்கள். டீ போனதோடு, அந்த இடைவேளைகளில் உள்ளே போய்க்கொண்டிருந்த முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான திரவமும் சேர்ந்து போய்விட்டது. 24 மணி நேரச் சிறுநீரையும் கேனில் பிடித்து வரச் சொன்னோம். 900 மில்லிகூட இல்லை. கல் வந்து போனவருக்கு ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டராவது போக வேண்டும்.

சிறுநீரக நோய்களைப் பார்க்கிற மருத்துவரான என்னிடம் இந்தக் கேள்வியை வாரத்தில் நான்கைந்து முறையாவது கேட்கிறார்கள். டீ, காபி தண்ணீர்க் கணக்கில் சேருமா, சேராதா? சேரும். தினமும் குடித்துப் பழகியவருக்கு, நாம் வழக்கமாகக் குடிக்கிற அளவில், ஒரு டம்ளர் காபி ஏறக்குறைய அதே அளவு தண்ணீர்தான். ஒரு டீ குடித்தால் அதைச் சரிக்கட்ட ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றி வருவதற்கு அடிப்படை கிடையாது.

அந்த நம்பிக்கையில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நம் உடம்பில் அடினோசின் என்று ஒரு பொருள் உண்டு. சிறுநீரகம் வடிகட்டிய உப்பைத் திரும்ப இரத்தத்துக்கு இழுத்துக்கொள்ள அது உதவுகிறது. காஃபின் அந்த அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், அதனால் கொஞ்சம் உப்பு சிறுநீரில் தங்கிவிடும், உப்பு போகிற இடத்துக்குத் தண்ணீரும் கூடவே போகும். இதுதான் விஷயம். ஆனால் இது கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு நடக்க, பழக்கமில்லாத ஒருவர் ஒரே சமயத்தில் 250, 300 மில்லிகிராம் காஃபினுக்கு மேல் எடுக்க வேண்டும். ஐசிஎம்ஆர் என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டுதல் கணக்குப்படி 150 மில்லி டிகாஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம், இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65. ஆக, ஒரு உட்காரலில் மூன்று டம்ளர் ஸ்ட்ராங் காபியை அடுத்தடுத்து குடிக்கிறவருக்குத்தான் இந்தப் பேச்சே பொருந்தும். அப்போதும்கூட, குடித்ததைவிட அதிகமாக வெளியே போகாது.

தினமும் குடிக்கிறவர்களுக்கு இந்த விளைவு சில நாட்களிலேயே மங்கிவிடும். இது இன்று நேற்று கண்டுபிடித்ததும் இல்லை. 1928ல் அமெரிக்காவில் மூன்றே மூன்று பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். காஃபினுக்குச் சிறுநீர் கூடுகிறது என்பதோடு, பழகப் பழக அது குறைந்துவிடுகிறது என்பதும் அதில் இருந்தது. முதல் பாதிதான் ஊரெல்லாம் பரவியது. 2014ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் இன்னும் ஒழுங்காகச் செய்து பார்த்தார்கள். ஏற்கெனவே காபிப் பழக்கம் உள்ள 50 ஆண்கள், மூன்று நாளைக்குத் தினம் நான்கு முறை 200 மில்லி காபி, இன்னொரு மூன்று நாளைக்கு அதே அளவு தண்ணீர். உடம்பில் இருந்த மொத்த நீர், 24 மணி நேரச் சிறுநீர், இரத்தம் எல்லாவற்றையும் அளந்தார்கள். நீர்ச்சத்தில் இரண்டுக்கும் சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசம் வரவில்லை. 2016ல் பதிமூன்று பானங்களை ஒப்பிட்ட இன்னொரு ஆய்விலும் டீ, காபி தண்ணீரோடு சமமாகவே நின்றன. அதில் பால், ஓஆர்எஸ் இரண்டும் தண்ணீரைவிட அதிக நேரம் உடம்பில் தங்கின. நம்ம ஊர் டீயில் ஏறக்குறைய பாதி பால் என்பதையும் இதோடு சேர்த்து யோசியுங்கள்.

"ஆனா டீ குடிச்ச கொஞ்ச நேரத்துல ஒண்ணுக்கு வருதே டாக்டர்?" வரும், பொய்யில்லை. காஃபின் சிறுநீர்ப்பையையும் கொஞ்சம் சீண்டும். அது நிறையும் முன்பே போக வேண்டும் போலத் தோன்றும், போனால் கொஞ்சம்தான் இருக்கும். அடிக்கடி போவது வேறு, அதிகமாகப் போவது வேறு. புராஸ்டேட் வீக்கம் உள்ள பெரியவர்களும், அடக்க முடியாமல் அவசரமாக ஓடுகிற பெண்களும் காபியைக் குறைத்தால் அந்த அவசரம் குறையும். அதற்காகக் குறைக்கச் சொல்கிறேன், உடம்பு வற்றிவிடும் என்பதற்காக இல்லை.

இதில் எனக்கு மிகவும் கவலை தருகிற ஒன்று உண்டு. ராத்திரி நான்கைந்து தடவை எழுந்து போகிறேன், தாகம் அடங்கவே இல்லை, எல்லாம் இந்த டீயால் வந்தது என்று மாதக்கணக்கில் டீயையே திட்டிக்கொண்டிருந்து, கடைசியில் பரிசோதித்தால் இரத்தச் சர்க்கரை 300க்கு மேல் இருக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். சர்க்கரை சிறுநீரில் இறங்கும்போது தண்ணீரை உண்மையாகவே இழுத்துக்கொண்டு போகும். அளவிலேயே அதிகமாகப் போகிறது, தாகமும் இருக்கிறது என்றால் தயவுசெய்து டீயை விட்டுப் பார்க்கிறேன் என்று நாளைக் கடத்தாதீர்கள், காலையில் வெறும் வயிற்றில் போய் ஒரு சுகர் டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.

சரி, டீ கணக்கில் சேரும் என்றால் எட்டு டீ குடிக்கிறவருக்கு எட்டு கிளாஸ் தண்ணீர் கிடைத்துவிடுமா? இங்கேதான் பெரும்பாலானவர்கள் ஏமாந்துபோகிறார்கள். என் மேசை டிராயரில் ஒரு டீக்கடை கிளாஸ் வைத்திருக்கிறேன், வரி வரியாக இருக்குமே, அதுதான். அதில் 50 மில்லி சிரிஞ்சால் தண்ணீர் விட்டுக் காட்டுவேன். ஒரு சிரிஞ்ச் விட்டதுமே ஏறக்குறைய பாதி வந்துவிடும். விளிம்பு வரை நிரப்பினால் நூறும் சொச்சமும் பிடிக்கும், ஆனால் எந்தக் கடையில் விளிம்பு வரை தருகிறார்கள்? நுரை போக 80, 85 மில்லி. தறிக்காரர் அன்று அந்தக் கிளாஸையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு கிளாஸ் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது ஒரு தண்ணீர் பாட்டிலுக்கும் கீழே. எண்ணாதீர்கள், அளந்து பாருங்கள். வீட்டு டம்ளர் எவ்வளவு பிடிக்கும் என்று மருந்து பாட்டில் மூடியாலோ பால் பாக்கெட் அளவை வைத்தோ ஒரே ஒரு முறை தெரிந்துகொண்டால் போதும்.

அந்த எட்டு டீயில் இன்னொரு பொருளும் இருக்கிறது. கடை டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை என்று வைத்தால் சுமார் 8 கிராம், எட்டுக்கு 64 கிராம். ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டிய சமாச்சாரம் அது. தண்ணீர்த் தேவையை முழுக்க டீயாலேயே நிரப்பச் சொல்ல முடியாததற்கு முதல் காரணம் சர்க்கரைதான், காஃபினுக்கு அதற்கடுத்த இடம்.

கல் வந்தவர்கள் டீயைக் கண்டு பயப்படுவதற்கு இன்னொரு காரணம் ஆக்சலேட், அதாவது சிறுநீரில் கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகிற பொருள். டீத்தூளில் ஆக்சலேட் இருப்பது உண்மை. தினமும் பதினாறு பெரிய கிளாஸ் ஐஸ் டீ குடித்துச் சிறுநீரகமே செயலிழந்த ஒருவரைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 2015ல் எழுதினார்கள். அது ஏறக்குறைய நான்கு லிட்டர், பால் இல்லாத டீ. பாலில் உள்ள கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்வதால் நம் பால் டீயில் அந்தப் பயம் குறைவு. ஏறத்தாழ 2 லட்சம் அமெரிக்கர்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வில் காபி குடிப்பவர்களுக்குக் கல் வருவது 26 சதவீதமும், டீ குடிப்பவர்களுக்கு 11 சதவீதமும் குறைவாகவே இருந்தது. கூடியது யாருக்கென்றால், சர்க்கரை போட்ட கோலா குடிப்பவர்களுக்கு. கல் வலிக்குப் பயந்து டீயை விட்டுவிட்டு வெயிலுக்கு இதமாகக் கூல் டிரிங்க்ஸ் வாங்கிக் குடிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பீர் குடித்தால் கல் கரையும் என்று வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: மதுவை டீயோடு ஒப்பிடவே கூடாது. தண்ணீரைத் தேக்கி வைக்கச் சொல்லி மூளை அனுப்புகிற ஹார்மோனையே மது தடுத்துவிடும்.

2024ல் அந்த ஐசிஎம்ஆர் வழிகாட்டுதல் வந்தபோது, டீ காபி குடிக்கக் கூடாது என்று அரசே சொல்லிவிட்டது என்று பலர் என்னிடம் வந்து சொன்னார்கள். வழிகாட்டுதல் உண்மையில் சொன்னது காஃபின் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ காபி வேண்டாம் என்பது. நீர்ச்சத்துக்கும் இந்த இடைவெளிக்கும் தொடர்பில்லை. டீ காபியில் இருக்கிற டானின் என்கிற பொருள் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும், அதுதான் காரணம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேல், 53 சதவீதம் பேர், இரத்தசோகையோடு இருப்பதாகத் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இட்லியோடு காபியையும் வைத்துக்கொண்டு உட்காரும் அம்மாக்கள் இதை மட்டும் மாற்றிக்கொண்டால் பெரிய விஷயம். கர்ப்பிணிகள் காஃபினை 200 மில்லிகிராமுக்குள் நிறுத்த வேண்டும், அதற்குக் காரணம் வயிற்றில் இருக்கும் குழந்தை.

டீ காபியை நம்பக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது. வயிற்றுப்போக்கு. எலுமிச்சை பிழிந்த கடுங்காப்பி கொடுத்தால் நின்றுவிடும் என்று குழந்தைக்கும் பாட்டிக்கும் அதையே கொடுத்துக்கொண்டிருப்பார்கள். வயிற்றுப்போக்கில் தண்ணீரோடு உப்பும் போகிறது, கடுங்காப்பியில் உப்பு இல்லை. மெடிக்கலில் ஓஆர்எஸ் பாக்கெட் வாங்கி, அதில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

கடைகளிலும் மில்களிலும் வேலை பார்க்கிற பெண்களிடம் தண்ணீர் குடியுங்கள் என்று சொல்வதற்கு முன்னால், கழிப்பறை இருக்கிறதா என்று கேட்கப் பழகிக்கொண்டேன். காலையில் ஏழு மணிக்கு பஸ் ஏறி ராத்திரி எட்டுக்கு வீடு திரும்பும் வரை ஒரே ஒரு முறை போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தெரியாமல் தண்ணீரைக் குறைக்கவில்லை, திட்டம் போட்டே குறைக்கிறார்கள், டீயும் அதே காரணத்தால் அரை கிளாஸ். அவர்களிடம் டீ நல்லதா கெட்டதா என்று வகுப்பெடுத்து என்ன செய்ய? பூட்டி வைக்காத, தண்ணீர் வருகிற ஒரு கழிப்பறையை வேலை கொடுப்பவர் கட்டித் தந்தால் எனக்கு வருகிற சிறுநீர்த் தொற்று கேஸ்களில் கணிசமாகக் குறையும்.

இதே டீ காபிக் கணக்கு தலைகீழாகப் போய் உயிருக்கே ஆபத்தாகிற இடம் டயாலிசிஸ். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு, உடம்பில் தேங்கும் நீரை இயந்திரம்தான் வெளியே எடுக்க வேண்டும். வாரம் இரண்டு முறை வருகிற ஒரு பெரியவர், டிரை வெயிட், அதாவது தேங்கிய நீரை எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை, 58 கிலோ, ஒவ்வொரு முறையும் 62 கிலோவோடு வருவார். மூச்சு வாங்கும், கால் வீங்கியிருக்கும், நான்கு லிட்டரையும் ஒரே உட்காரலில் எடுத்தால் பிரஷர் விழுந்துவிடும். தண்ணீர் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்டால், "முக்கால் லிட்டர் பாட்டில்லதாங்க, அதுக்கு மேல ஒரு சொட்டு இல்ல" என்பார். உண்மைதான், அவர் பொய் சொல்கிறவர் இல்லை. பல மாதம் கழித்து அவர் மனைவிதான் பேச்சுவாக்கில் சொன்னார், காலையில் இரண்டு காபி, பதினொரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று. காபி தண்ணீரை வெளியேற்றிவிடும், அது கணக்கில் வராது என்றே இருவரும் நினைத்திருக்கிறார்கள். வீட்டு டம்ளரைக் கொண்டுவரச் சொல்லி அளந்தோம், 150 மில்லி. நான்குக்கு 600. டயாலிசிஸ் இல்லாத மூன்று நாளில் 1,800 மில்லி, அதாவது அவர் சுமந்து வந்த நான்கு கிலோவில் ஏறக்குறைய இரண்டு கிலோ.

காபியை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏற்கெனவே எவ்வளவோ விட்டுவிட்டவர். சின்ன டம்ளரில், காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, அதையும் அந்த முக்கால் லிட்டரிலேயே கழித்துவிட வேண்டும் என்று பேசி முடித்தோம். இப்போது அந்த அம்மா தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் காபிக்கு 'கா', தண்ணீருக்கு 'த' என்று எழுதி, பக்கத்தில் மில்லியும் போட்டு, கிழித்த தாள்களை ரப்பர் பேண்டில் கட்டிக் கொண்டுவருகிறார். போன முறை எடை 60.2. தாள்களைப் பார்த்து முடித்ததும் பெரியவர் தயங்கித் தயங்கிக் கேட்டார், "அப்ப ரசமும் கணக்குல வருங்களா?"

வரும் என்றேன். மோரும், கஞ்சியும், தாகத்துக்கு வாயில் போடுகிற ஐஸ் கட்டியும்கூட. அந்த அம்மா உடனே பேனாவை எடுத்து ஒரு தாளின் ஓரத்தில் 'ர' என்று எழுதிக்கொண்டார்.